முப்பத்தாறாம் சுற்றில் எழுந்த கோடு

குருதியின் குணமறிந்த கோமகளே! கூடத்தின் கண்ணும் கணக்கும் காவலுமாய் நின்ற கலங்கா நெஞ்சத்தாரே! கண்டதைக் கண்டபடி எழுதிய கைக்கு உரியவரே! பேராதனை வீதி மேட்டிலுள்ள எங்கள் ஆய்வுநிலையத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றி, தலைமை ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராய் இன்று விடைபெறும் செல்வி பத்மாதேவி நவரட்ணராஜா அவர்களே! வணக்கத்தோடும், ஒரு மன்னிப்புக் கோரிக்கையோடும் தங்கள் முன் நிற்கின்றோம்.

முதலில் நாங்கள் எழுதியது வேறொரு மடல். அதில் தங்கள் நேரந்தவறாமையும் நேர்மையும் நிறைந்திருந்தன. தாங்கள் அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தீர்கள். “இதிலை நடந்தது ஒண்டும் இல்லை. மூண்டு வருசமாய்க் காதுக்குள்ளை கதைச்சதை ஒருக்கா உரத்து வாசியுங்கோ” என்றீர்கள். ஆகவே அவையோர் அனைவரும் அறிய, அம்மையாரின் முன்னிலையிலேயே, நடந்ததைச் சொல்கின்றோம்.

பத்மாதேவி அம்மையார் ஊசி ஏற்றினால் நோகாது என்பது கண்டி முழுவதும் தெரிந்த செய்தி. கலகெதரவிலிருந்தும் பிலிமத்தலாவையிலிருந்தும் பஸ் ஏறி வருவோர் மற்றவர்களிடம் கையை நீட்டாமல் அவருக்காகக் காத்திருப்பார்கள். தோட்டத்திலிருந்து வந்த நல்லம்மா என்ற தாய், குருதி எடுத்து முடிந்த பிறகும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “எப்பம்மா குத்துவீங்க?” என்று கேட்டது இங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. மணமுடிக்காதவர், கட்டுகஸ்தோட்டையில் தம் தாயாரோடு வாழ்ந்தவர், ஒரே பிள்ளை என்று தம்மை நினைத்திருந்தவர்.

மூன்றாண்டுகளுக்கு முன், மடவளையைச் சேர்ந்த டொக்டர் இப்திகார் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஆண்பிள்ளையைச் சுமந்த தாயின் குருதியில், அந்தப் பிள்ளையின் உயிர்க்கலங்கள் சில, பல பத்தாண்டுகள் தங்கியிருக்கக்கூடும் என்று உலகின் ஆய்வாளர்கள் சொல்லிவருகின்றார்கள். நம் மலைநாட்டுத் தாய்மாரிடமும் அப்படி இருக்கின்றதா என்று பார்க்க விரும்பினார் டொக்டர். ஆண்களிடம் மட்டுமே உள்ள ‘வை’ நிறமூர்த்தத்தின், அதாவது குரோமோசோமின், துணுக்கைத் தாயின் குருதியில் தேடுவதே வழி. தேடும் பொருள் குழாயில் அணுவளவு இருந்தாலும் இயந்திரம் அதைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். போதிய அளவு பெருகியதும் திரையில் ஒரு கோடு தரையைவிட்டு எழும். கூட இருந்தால் முந்தி எழும். குறைய இருந்தால் பிந்தி எழும். இல்லாவிட்டால் கோடு கிடந்தபடியே கிடக்கும்.

இதற்கு ஒப்பீடாக, எதுவும் வரக்கூடாத ஒரு பெண்ணின் குருதி வேண்டும். ஒருபோதும் கருவுறாதவரின் குருதி. அம்மையார் யாரையும் கேட்கவில்லை. தம் இடக்கையை நீட்டி, சக தொழில்நுட்பவியலாளர் சித்தி றலியாவிடம் ஊசியைக் கொடுத்தார்.

முதல் ஓட்டம் ஒரு மத்தியானம். வெளியே மழை, ஹந்தானை மலை மூடுபனிக்குள் போயிருந்தது. வெறும் நீர் நிரப்பிய குழாயின் கோடு தரையில் கிடந்தது. பெண்பிள்ளை மட்டும் பெற்ற இருவரின் கோடுகளும் கிடந்தன. முப்பத்தாறாம் சுற்றில் ஒரு கோடு மெல்ல எழுந்து நின்றது. அது அம்மையாரின் குழாய்.

கலப்படம் என்றார்கள். ஆண் ஒருவரின் தோல்துகள் விழுந்தாலும் அப்படி வரும். மேசைகளைக் கழுவினார்கள், மருந்துகளை எல்லாம் கொட்டிவிட்டுப் புதியன வாங்கினார்கள், ஆண்கள் எவரும் கூடத்துள் நுழையக்கூடாது என்று கட்டளையாயிற்று. கூட்டித் துடைக்கும் சுமன் முற்றத்துக்கு அனுப்பப்பட்டார். ஆய்வுத் தலைவரான இப்திகார் மூன்று கிழமை மாடிப்படிக்குக் கீழே கதிரை போட்டிருந்து கண்ணாடிக்கு ஊடாகப் பார்த்தார். பெண்கள் மட்டும் செய்தார்கள். முப்பத்தாறாம் சுற்றில் கோடு எழுந்தது. பெயர் நீக்கி, எண் மட்டும் ஒட்டி, ஐம்பது குழாய்களைக் கொழும்பில் இன்னொரு கூடத்துக்கு அனுப்பினார்கள். கோடு எழுந்த எண்களின் பட்டியல் திரும்பி வந்தது; அதில் அம்மையாரின் நாற்பத்தேழும் இருந்தது. நாற்பத்தேழு யாரென்று கொழும்பில் எவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் கதைக்கத் தொடங்கினோம். அதை இந்த அவையில் ஒளிக்கமாட்டோம். சாப்பாட்டு அறையில் அம்மையார் நுழைந்தால் பேச்சு நின்றது. அவர் கை கழுவிப் போனால் தொடர்ந்தது. கலியாணம் கட்டாத மனுசியின் ரத்தத்தில் ஆண்பிள்ளை எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். அவர் வழமையாய் இருக்கும் கதிரையில்தான் இருந்து சாப்பிட்டார். கதிரையை மாற்றியவர்கள் நாங்கள்.

இப்திகார் அவரைத் தனியே கூப்பிட்டார். குழாய் தவறியதென்று பதிந்துவிட்டு வேறொரு பெண்ணின் குருதியை எடுப்போம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது என்று, தரையைப் பார்த்தபடி சொன்னார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

“வெறுமையாய் வந்திருந்தால் நம்பியிருப்பியள்தானே, டொக்டர். வந்ததை ஏன் நம்பேலாது?” என்றார் அம்மையார்.

அன்று பின்னேரம் சித்தி றலியா, அவரோடு பதினெட்டு ஆண்டு பக்கத்து மேசையில் இருந்தவர், தயங்கித் தயங்கி வந்து நின்றார். அவர் கேட்குமுன்பே அம்மையார் மறுமொழி சொன்னார். “கேளுங்கோ. இல்லை. எனக்கு ஒருநாளும் பிள்ளை தங்கினதில்லை. இனி வடிவாய்த் தேடுவம்.”

தேடினார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ஆயிரமாயிரம் கைகளைப் பிடித்த அவருடைய விரல்கள், தம் இடக்கை மணிக்கட்டுக்குத் தாமாகவே போயினவாம். நாடியை எண்ணுவாராம். அறுபதுக்கு மேல் எண்ணிக்கை பிசகிவிடுமாம். தாம் எண்ணுவது தம்முடையதைத்தானா என்ற ஐயம் வந்து, விரலை எடுத்துவிடுவாராம். இதைப் பிற்பாடு அவரே றலியாவிடம் சொன்னார்.

வெளிநாட்டு ஆய்வறிக்கை ஒன்றில் அவருக்கு ஒரு வரி அகப்பட்டது. மூத்த ஆண்பிள்ளையின் கலங்கள் தாயின் உடலில் தங்கி, அடுத்து அதே கருப்பையில் வளரும் தங்கைக்கும் கடந்துபோகக்கூடும். சனிக்கிழமை காலை, முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த தாயார் சிவக்கொழுந்து அம்மையாரிடம், தமக்கு முன் யாராவது பிறந்தார்களா என்று கேட்டார். எண்பத்தைந்து வயதுத் தாயார் இலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். நான்காம் நாள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்து, திருநீறு காயுமுன் சொன்னார்.

“உனக்கு முந்தி ஒருத்தன் பிறந்தவன். ஏழாம் மாசம். விடியப் பிறந்து மத்தியானம் செத்துப்போட்டான்.”

நீ வயிற்றில் தங்கியபோது, செத்ததைப் பற்றிக் கதைத்தால் அது வந்து மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும் என்று பெரியவர்கள் வாயை அடைத்தார்கள் என்றார். பெயர் வைக்கவில்லை. தகப்பனார் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நினைப்பு வரும்போதெல்லாம் தேவாரம் பாடி அதை விரட்டிக்கொண்டதாகவும் சொன்னார்.

அம்மையார் குழாயைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் பொறுமையாக விளக்கினார். தாயார் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகளின் இடக்கையைப் பிடித்துத் தம் மடிக்கு இழுத்து, மணிக்கட்டுக்கு மேலே குனிந்தார்.

“இவ்வளவு காலமும் இஞ்சையோ இருந்தனீ?”

தாயார் நிமிர்ந்து தம் முகத்தைப் பார்ப்பார் என்று அம்மையார் காத்திருந்தார். அவர் பார்க்கவில்லை.

அன்று தொடங்கி ஒவ்வொரு பொழுதுபடும் நேரமும், விளக்கேற்றியபின், தாயார் அந்தக் கையைப் பிடித்து மகனோடு கதைத்தார். தகப்பனார் எப்படிச் செத்தார் என்று சொன்னார். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் எந்த வீட்டில் ஒளிந்திருந்தார்கள் என்று சொன்னார். அரிசி விலை சொன்னார். மகள் இடையில் ஏதும் மறுமொழி சொன்னால், “உன்னைக் கேக்கேல்லை” என்பார். கேள்வி கேட்டுவிட்டுத் தாயார் காத்திருக்கும் வேளைகளில், அம்மையாரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பாராம். ஒருநாள் நாடி ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அம்மையாருக்கு அது நெஞ்சில் தெரிந்தது. அந்த இடைவெளியில் தாயார், புரிந்தது என்பதுபோல், தலையை அசைத்தாராம்.

அச்சமாக இருக்கவில்லையா என்று றலியா கேட்டார். இருந்தது என்றார் அம்மையார். ஆனால் அறுபதாண்டு வாயை மூடியிருந்த ஒருத்தி கதைக்கும்போது கையை இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை என்றார்.

தாயாரின் குருதியிலும் பார்த்தால் ஆய்வு முழுமைபெறும் என்றார் இப்திகார். கேட்டதும் தாயார் கூறைச்சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு முச்சக்கரவண்டியில் வந்தார். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “அவன் என்னட்டையும் இருப்பான், என்ன?” என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். அம்மையாரே ஊசி ஏற்றினார். அன்றுதான் அவர் நரம்பை இரண்டாம் முறை தடவித் தேடியதை நாங்கள் முதன்முறை பார்த்தோம்.

மூன்று முறை ஓட்டினார்கள். நாற்பத்தைந்து சுற்று முடிந்தும் தாயாரின் கோடு தரையில் கிடந்தது.

ஒரு குழாய்க் குருதியில் அகப்படவில்லை என்பதால் உடலிலேயே இல்லை என்று ஆகாது என்று இப்திகார் விளக்கினார். பிறகு கெஞ்சும் குரலில், “மிஸ், உம்மாக்கு இதச் சொல்ல வேணாம். இருக்குண்டு சொல்லுங்க. அவங்க தாங்க மாட்டாங்க” என்றார். கூடத்தில் இருந்த எங்களில் ஒருவரும் அவரை மறுக்கவில்லை. ஒரு பொய்யில் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்றுதான் எங்களுக்கும் தோன்றிற்று.

அம்மையார் பதிவேட்டில் ‘அகப்படவில்லை’ என்று எழுதினார். தம்முடைய குழாயைப் பற்றி ‘மூலம் உறுதியில்லை, மூத்த சகோதரராக இருக்கலாம், கருவிலேயே கரைந்துபோன இரட்டையராகவும் இருக்கலாம்’ என்று எழுதினார். வீட்டுக்குப் போய்த் தாயாருக்கும் அதையே சொன்னார்.

தாயார் அழவில்லை. “எனக்குத் தெரியும்” என்றாராம். “நான் அவனை நினைக்கப்பிடாதெண்டு இருந்தனான். அவன் இருக்கிறதுக்கு இடம் தேடி உன்னட்டை வந்திட்டான்.”

இந்த ஆண்டு மாசி மாதம் சிவக்கொழுந்து அம்மையார் காலமானார். கடைசி நாள் பேச்சு நின்றபிறகும் மகளின் இடக்கையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாய்த்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, மறுநாட் காலை அம்மையார் வேலைக்கு வந்தார். கைப்பையை வைத்தார், றலியாவிடம் இடக்கையை நீட்டினார். றலியா ஊசியை எடுத்தார்.

நாங்கள் எல்லோரும் திரைக்கு முன் நின்றோம். முப்பத்தாறாம் சுற்று வரட்டும் என்று காத்திருந்தோம். இருபத்தொன்பதாம் சுற்றில் கோடு எழுந்தது.

ஏழு சுற்று முந்தி. ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு; ஆக, முன்பிருந்ததைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இப்திகார் கணக்கை ஒரு தாளில் போட்டார், வெட்டினார், மறுபடியும் போட்டார். மருந்தை மாற்றினோம். இயந்திரத்தை மாற்றினோம். கொழும்புக்கும் அனுப்பினோம். எல்லாவற்றிலும் இருபத்தொன்பது. இதற்கு இன்றுவரை எங்களிடம் விளக்கமில்லை. எந்த ஆய்வறிக்கையிலும் அகப்படவுமில்லை. இனி என்ன எழுதுவது என்று இப்திகார் கேட்டார்.

“கண்டதை எழுதுங்கோ” என்றார் அம்மையார்.

பிறகு, உறங்கும் பிள்ளையின் காதைச் சத்தத்திலிருந்து மறைப்பதுபோல், வலக்கையால் இடக்கை மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு தம் கதிரைக்குப் போய் இருந்தார். அன்றைக்கு மத்தியானம் நாங்கள் எல்லோரும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டோம். அந்த மேசையில் எங்களோடு இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை.

எங்கள் நாவின் பிழை பொறுத்த நல்லவரே! காதோடு கதைத்த பொய்யைக் கண்டதை எழுதிக் கழுவியவரே! தங்கள் மேசை துடைக்கப்பட்டுவிட்டது. தங்கள் எழுத்து மட்டும் பதிவேட்டில் மாறாமல் நிற்கின்றது. கட்டுகஸ்தோட்டை வீட்டில் பொழுதுபட விளக்கேற்றி இருக்கும்போது தங்கள் கையைப் பிடிப்பதற்கு இனி ஆளில்லை என்று நினைத்து நாங்கள் கலங்கினோம். கலங்க வேண்டியதில்லை என்று சென்ற வெள்ளிக்கிழமை தாங்களே சொன்னீர்கள். இப்போதெல்லாம் கதைப்பது தாங்கள்தானாம். தாங்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க, நாடி ஒரு துடிப்பு நின்று தொடர்கிறதாம்.

நோய் தீண்டாது, நெஞ்சு தளராது, நூறாண்டு வாழ்க தாங்கள். தங்கள் இடக்கையில் இருப்பவரும், யாராயினும், எவராயினும், தங்களோடு இருந்து அதே நூறாண்டு வாழ்க.

இவ்வண்ணம்,
தங்களை ஐயுற்றதற்கு நாணும்,
ஆய்வுநிலைய ஊழியர் அனைவரும்
பேராதனை வீதி, கண்டி