இரண்டரை தவ்

அடையாள அட்டையில் உள்ள என் பெயரை எழுத்தர் மேலே எழுதிக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, தவ் மாமா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட விரலை நீட்டும். வயது ஐம்பத்தொன்பது, பார்ப்பவர்கள் ஐம்பது என்பார்கள். படிப்பு எட்டாம் வகுப்பு. மேம்பாலத்துக்குக் கீழே டயர் கடையை ஒட்டிய சந்தில் மாடியில் குடியிருக்கிறேன், கீழ்த்தளத்தில் என் பட்டறை. பந்தயக் கார் என்ஜின்களைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுப்பது என் தொழில். வெளிநாட்டுப் பந்தயக்காரர் ஒருவர் என் பட்டறைக்கு வந்து என் காலில் விழுந்தார் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஐயா தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். பந்தயக்காரர் வந்தது உண்மை, ஆனால் கையைத்தான் குலுக்கினார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலில் என் மனைவியின் தம்பி மகள் ஓட்டிய கார் தடுப்பில் மோதி அவளுக்குக் கால் முறிந்தது தொடர்பாக இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். அவளுடைய அப்பா, அதாவது என் மச்சான், நான் காதால் கேட்டு என்ஜினுக்கு அளவு வைக்கிறவன் என்றும், என் கவனக்குறைவால்தான் என்ஜின் இறுகி விபத்து நடந்தது என்றும் புகார் கொடுத்திருக்கிறான். வருகிறவர்களிடம் காதை வைத்துக் கேட்டே அளவு சொல்லிவிடுவேன் என்று நான் பேசுவது உண்டு, கேட்கிறவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கருவி வைத்து அளக்காமல் ஒரு என்ஜினையும் நான் மூடியதில்லை.

என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் நிற்க ஓர் இடைவெளி வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பட்டறையில் தவ் என்று பெயர், ஒரு தலைமுடியே மூன்று தவ் வரும். இடைவெளி குறைந்தால் சூட்டில் தண்டு இறுகிவிடும், கூடினால் எண்ணெய் ஒழுகித் தண்டு தட்டும். இந்த என்ஜினுக்குப் புத்தகம் இரண்டு தவ் என்கிறது. நான் இரண்டரை வைத்தேன். அப்போது மச்சான் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, “கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா மச்சான்?” என்று கேட்டான். “அவன் கடைக்குப் போற வண்டிக்கு எழுதியிருக்கான், நான் உன் பொண்ணு வண்டிக்குச் செய்யறேன்” என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு ஐந்து பேரிங்குகளையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். அது போதாது என்று தண்டின் மேல் மெழுகு இழை ஒன்றை வைத்து, பேரிங்கின் மூடியை முறுக்கித் திறந்து, நசுங்கிய இழையின் அகலத்தை வைத்து இடைவெளியைப் பார்த்தேன். ஐந்திலும் இரண்டரை. அதன் பிறகு பிஸ்டன்களை ஏற்றி, மூடிகளின் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கி, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் மூடி வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு போட்டேன். போல்ட் அசைந்தால் கோடு விலகிவிடும். இது என் வழக்கம். கோடு போடுவது என் மனைவியின் நெயில் பாலிஷால், அந்தக் குப்பி எப்போதும் என் சட்டைப் பையிலேயே இருக்கும். இதை வைத்து என் மனைவி செய்யாத கேலி இல்லை. அதன் பிறகு என்ஜினை ஸ்டாண்டில் கவிழ்த்தபடியே வைத்து, அடியில் வரும் எண்ணெய்த் தொட்டியை மறுநாள் மாட்டலாம் என்று விட்டேன். பட்டறையின் இன்னொரு சாவி மச்சானிடம் உண்டு.

அன்று மத்தியானம் என் மனைவி, கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். என் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. டாக்டரே என் கண்ணைப் பார்த்து, இந்த வயதில் இப்படி ஒரு கண்ணா என்று எழுந்து நின்றுவிட்டார். ஐயா கேட்டதால் சொல்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார். அதன் பிறகு அவள் டீ குடிக்கலாம் என்றாள். கடையில் உள்பக்கமாக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். என்ஜினை எப்படிக் கட்டினேன் என்று அவளிடம் முதலிலிருந்து சொன்னேன். வழக்கமாகப் பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். அன்று முழுவதும் கேட்டாள், இரண்டாவது டீயும் அவளே சொன்னாள். கிளம்பும்போது சற்றுத் தள்ளி நின்று யாருக்கோ போன் செய்தாள். பக்கத்து வீட்டுக்கு என்றாள்.

மறுநாள் தொட்டியை மாட்டினேன். கோடுகளெல்லாம் நேராக இருந்தன. கோடு நேராக இருந்தால் அது நான் மூடியபடியே இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. தண்டைக் கையால் சுற்றியபோது கொஞ்சம் கனமாக இருந்தது, புது பிஸ்டன் வளையங்கள் அப்படித்தான் இருக்கும். பட்டறையில் சிறிது நேரம் ஓடவிட்டோம், நன்றாகவே ஓடியது. அதன் பிறகு ஞாயிறன்று திடலில் மச்சானின் மகள் முழு வேகம் எடுத்த இரண்டாவது சுற்றில் என்ஜின் இறுகிப் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் சுழன்றது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் பக்கத்திலிருந்த மச்சான் முதலில் காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு புகாரின் பேரில் ஐயா, மோட்டார் வாகன ஆய்வாளர் இருவர் முன்னிலையிலும் இதே காவல் நிலைய முற்றத்தில் என்ஜின் பிரிக்கப்பட்டது. நடுவிலுள்ள மூன்றாவது மூடி மட்டும் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. மூடியின் வார்ப்பிலேயே ஓர் அம்புக்குறி உண்டு, அது முன்பக்கம் பார்க்க வேண்டும். இது பின்பக்கம் பார்த்தது. திருப்பி மாட்டினால் இரண்டு பாதியும் சரியாகச் சேராது, ஒரு ஓரம் தண்டை நெருக்கும், எண்ணெய்க்கு இடம் இருக்காது. மற்ற நான்கையும் ஆய்வாளர் தானே அளந்து இரண்டரை என்று குறித்துக்கொண்டார். வெயிலில் பார்த்தபோது அந்த நான்கு மூடிகளிலும் கோடு கருஞ்சிவப்பு. மூன்றாவதில் ரோஜா கலந்த சிவப்பு. பட்டறைக் குழல் விளக்கில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், டாக்டர் புகழ்ந்த கண்ணும் அதில் ஏமாந்தது. அந்த ரோஜாச் சிவப்பை நான் வேறு எங்கே பார்த்திருக்கிறேன் என்று ஐயா கேட்டதற்கு, அன்று தெரியாது என்றேன். அது மட்டும் நான் இங்கே சொன்ன பொய்.

அதன் பிறகு வீட்டுக்குப் போனேன். என் மனைவியின் ரோஜாச் சிவப்பு நெயில் பாலிஷ் குப்பி எங்கள் நிலைக்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அதை எடுத்து என் மனைவியின் முன்னால் வைத்தேன்.

“தம்பி கேட்டான், குடுத்தேன். தொறந்து பாத்துட்டு மூடிடறேன்னான். நம்ம பொண்ணு ஏறி ஓட்டப் போற வண்டி.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா என்ன சொல்லுவீங்க? வெளிநாட்டுக்காரன் கால்ல விழுந்த கதையச் சொல்லுவீங்க.”

அன்று நான் சாப்பிடவில்லை, அவளும் இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

இன்று காலை தனியாக மருத்துவமனைக்குப் போனேன். மச்சான் என்னைக் கண்டதும் மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். மருமகளுக்கு இடுப்பு வரை கட்டு. பத்து வயதில் என் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, அன்னிக்கு லைட்டு புடிச்சது நான்தான்” என்றாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை, அப்பா புகார் கொடுத்ததே தனக்கு நேற்றுத்தான் தெரியும் என்றாள். ஒரே ஒரு மூடியைத் திறந்து மெழுகு இழை வைத்துப் பார்த்தார்களாம். “ரெண்டரைதான் இருந்துச்சு மாமா. அப்பா நம்பாம இன்னொரு தடவ வெச்சுப் பாத்தாரு. மறுபடியும் ரெண்டரை. ‘பெருசு நெஜமாவே அளந்திருக்கே’ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டதா அத்தை போன் பண்ணாங்க. அவசரமா மூடி, பழைய கோட்டத் தொடச்சிட்டு அத்தை குடுத்த பாலிஷ்ல கோடு போட்டோம்.”

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் தலையணையைச் சரி செய்து வைத்துவிட்டு நேராக இங்கே வந்தேன். இதைத் தானும் எழுதிக் கொடுப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள், ஐயா போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

மச்சான் மீது நடவடிக்கை கோருகிறீர்களா என்று ஐயா கேட்டதற்கு, அது சட்டத்தின் வேலை, அவன் கையில் இருந்த சாவியை மட்டும் திரும்ப வாங்கித் தாருங்கள் என்றேன். என் மனைவியைப் பற்றிக் கேட்டதற்கு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நான் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள் என்றேன்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். கதவைத் திறந்து வைத்து, பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி படிக்கச் சொன்னேன், அப்படியே படித்தார். ஓர் இடத்தில் ‘சுமார் இரண்டரை தவ்’ என்று எழுதியிருந்தார். அதில் ‘சுமார்’ என்பதை அடிக்கச் சொன்னேன். மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நடந்தது நடந்தபடி, என் பங்குக்கு நான் எதையும் கூட்டவில்லை. அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும், கீழே முழுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)