வினைச்சொல் இல்லாத வார்த்தை

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். மேலே புளி உலுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. பக்கத்து சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் முப்பது வயதுக்கு மேல் பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதப் படிக்கிறவள். டியூஷன் முடிந்து திரும்புகிறாள் என்று பேச்சில் தெரிந்தது. அவளுடைய இங்கிலீஷ் நோட்டு அவர் கையில் இருந்தது.

“பக்கம் பூரா லவ்வுன்னு எழுதினுகீறியே, யாரை?”

“யாரையும் இல்லீங்க. லவ் பெயர்ச்சொல்லு, வினைச்சொல்லும் அதே. லவ்லின்னா அட்ஜெக்டிவ். வாத்தியாரு குடுத்த கட்டம்.”

“அந்தாளுக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா? கல்லு, மண்ணு, சாமைன்னு எவ்ளோ கீது.”

“சாமைக்கு இன்னாங்க வினைச்சொல்லு?”

“நாளையிலேர்ந்து டியூஷன் வாணாம். வூட்லயே படி.”

“பரீட்சைக்குப் பத்து நாளுதாங்க கீது. இங்கிலீஷ்ல போச்சுன்னா எல்லாம் போச்சு.”

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“இந்தக் கட்டத்துல மட்டும் இன்னாத்துக்குக் கோடு போட்டுகீது?”

“அது ஜெலசி, பொறாமை. ஜெலஸ்னா பொறாமை புடிச்ச. அதுக்கு வினைச்சொல்லு கெடையாதுன்னு கோடு போடச் சொன்னாரு.”

“இங்கிலீஷ்காரனுக்குக் கெடையாதா? நமக்குப் பொறாமைப்படுறதுன்னு கீதே. பஸ் ஏறுனதுலேர்ந்து நான் அதத்தானே பட்டுனு வர்றேன்.”

முன் சீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

“அப்போ நாளைக்கு?”

அவர் நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார்.

“போவலாம். நானும் வர்றேன். வாசல்ல குந்திக்கிறேன்.”