ஒன்று குறைய நாற்பது

தில்லியில் குளிருக்குப் போர்த்தும் ரஜாயை எப்போது எடுத்து வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். ஹோலிக்கு மறுநாள் என்பது என் கட்சி. சுகிர்தா விடியற்காலையில் கையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு நாள் கெடக்கட்டும் அத்தான்" என்பாள். இந்த வருஷம் சொல்ல ஆள் இல்லை. ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது. மின்விசிறி போட்டிருக்கிறேன். ரஜாய் இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நான் எதையும் மறைத்தவன் இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்தேன். சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஆர்.கே. புரத்தில் மத்திய அரசு வேலை, கிட்வாய் நகரில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். சுகிர்தாவுக்கு வலிப்பு உண்டு என்பதைப் பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டால் அவளும் மற்றவர்களைப் போலத்தான். கொஞ்சம் தூக்கம் கூடுதல், கொஞ்சம் மறதி. ஒருநாள் உப்பு போட்ட சாம்பாருக்கு மறுபடி உப்பு போட்டுவிட்டு, "ஒங்களுக்கு மட்டும் விசேஷமா ரெண்டு உப்பு" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏழெட்டு ஒருவர் வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். ஒரு வாரம் லக்ஷ்மிபாய் நகர், ஒரு வாரம் சரோஜினி நகர், ஒரு வாரம் எங்கள் வீடு. வேதத்தில் வரும் எண்களைப் பற்றி அங்கே பேச ஆரம்பித்தது தற்செயல். தரியாகஞ்ச் நடைபாதையில் ஒரு பாதிரியார் எழுதிய பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. படித்ததும் நான் கற்ற கணக்கும் நான் வளர்ந்த விசுவாசமும் ஒரே இடத்தில் சந்தித்த மாதிரி இருந்தது.

எளிதாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஏழு என்றால் நிறைவு. ஆறு என்றால் நிறைவுக்கு ஒன்று குறைவு, அதாவது மனுஷன். யூதர்களுக்கு எழுத்தே எண் என்பதால் அவர்களுடைய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. அவர்கள் பாஷையில் உயிர் என்ற சொல்லைக் கூட்டினால் பதினெட்டு வரும். நாற்பது என்றால் சோதனை. பெருமழை நாற்பது நாள், வனாந்தரம் நாற்பது வருஷம், ஆண்டவருடைய உபவாசம் நாற்பது நாள். நாற்பது முடிந்தால் அந்தப் பக்கம் புது வாழ்வு. முப்பத்தொன்பதில் நின்றவனுக்கு ஒன்றும் கிடையாது.

கூட்டத்தில் மூத்தவரான ஞானமுத்து அண்ணன், "தம்பி, ஒங்க வாயில கணக்குகூட பிரசங்கமாயிருதே" என்றார். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வீராயியும் வாசல் பக்கம் உட்கார்ந்து கேட்பாள். அவள் புருஷன் மூக்கன் ஏஷியாட் ஸ்டேடிய வேலைக்குச் சிமெண்ட் சுமக்கப் போய்க் காசநோயோடு குடிசையில் படுத்திருந்தான். "சாரு, எம் புருசனுக்கு எந்த நம்பரு?" என்று கேட்டாள். "வீராயி, இது லாட்டரிச் சீட்டு இல்ல" என்றார் ஞானமுத்து அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். வீராயியும் சிரித்தாள்.

இன்னொரு பாடமும் சொல்லவேண்டும். யூதர்கள் குற்றவாளியை அடிக்கும்போது நாற்பது அடிக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். எண்ணுகிறவன் கை தவறி ஒன்று கூடிவிட்டால் பாவம் என்று முப்பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒன்று குறைய நாற்பது. சட்டத்துக்குள் இருக்கும் இரக்கம் அந்த ஒன்றுதான் என்றேன். சுகிர்தா அன்று டீ ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கவனித்துக் கேட்டாள்.

குழந்தைக்கு ஆசைப்பட்டவள் அவள். டாக்டர், கர்ப்பமானாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டதற்கு, அநேகமாக ஆகாது என்றார். அந்த "அநேகமாக" எங்கள் இருவரோடும் பஸ்ஸில் வீடு வரை வந்தது. "மாத்திர இல்லாம ஒரு பிள்ள பெறணும் அத்தான்" என்று அவள்தான் முதலில் சொன்னாள். இது உங்களுக்கு முக்கியமாக இருக்கலாம். எனக்கு இப்போது முக்கியமாகத் தோன்றவில்லை.

ஜனவரி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் எங்கள் வீட்டில். மாலை நான்கு மணிக்கு அவள் முழங்கால் போட்டாள். ஞானமுத்து அண்ணன் தலையில் கை வைத்து ஜெபித்தார். நாற்பது நாள் பொருத்தனை, ஆண்டவருக்கு ஒரு நேர்ச்சை, என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நாற்பது நாள் ஜெபம் என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டார்கள். மாத்திரையைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. அன்று விளக்கு வைத்த பிறகு அவள் மாத்திரை போடவில்லை. மறுநாள் டப்பாவை ஆபீசுக்கு எடுத்துப்போய் என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கண்ணில் பட்டால் மனசு அலையும் என்று.

திங்கட்கிழமையை முதல் நாளாக வைத்தேன். இதைக் கவனியுங்கள். அரசாங்க உத்தியோகத்தில் முற்பகல், பிற்பகல் என்று ஒன்று உண்டு. பிற்பகலில் வேலையில் சேர்ந்தவனுக்குச் சம்பளம் மறுநாளிலிருந்துதான். பொருத்தனை செய்தது மாலை நான்கு மணிக்கு. அந்த ஞாயிறு எங்கள் கணக்கில் வராது. யோசித்துச் செய்ததுகூட இல்லை, கைப்பழக்கம்.

முதல் வலிப்பு இரண்டாம் வாரம் வந்தது. சின்னதுதான். அன்று பன்னிரண்டாம் நாள், பன்னிரண்டு நல்ல எண். சொன்னேன். அவள் நாக்கைக் கடித்திருந்ததால் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு. ஒருதடவை அடுப்படியில் விழுந்தாள். நெற்றியில் கட்டுப் போட்டுவிட்டேன். அதிலிருந்து சமையலை நான் பார்த்துக்கொண்டேன், அவளைக் குளிக்க வைத்தேன், தலை பின்னினேன். எனக்குப் பின்ன வராது. "கவுறு திரிக்கிய" என்றாள்.

பிப்ரவரி ஆரம்பத்தில் கேட்க ஆரம்பித்தாள். "ஒண்ணே ஒண்ணு தாங்க அத்தான். பாதியாவது தாங்க." டப்பா ஆபீசில் இருக்கிறது என்றேன். "அப்ப கொண்டாங்க." மறந்துவிட்டேன் என்று நான்கு நாள் சொன்னேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. என்னால் கொண்டுவர முடியவில்லை என்பதுதான் உண்மை. இழுப்பறையைத் திறப்பேன், பார்ப்பேன், முப்பது ஆகிவிட்டதே என்று நினைப்பேன். முப்பத்திரண்டு ஆகிவிட்டதே. போன நாட்கள் எல்லாம் சேர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டன. முதல் வாரமாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி பதினெட்டு, வியாழக்கிழமை. என் கணக்கில் முப்பத்தொன்பதாம் நாள். கடைசி இரண்டு நாளுக்கும் லீவு போட்டிருந்தேன். வீராயியையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். காலையில் சுகிர்தா ரஜாய்க்குள் உட்கார்ந்தபடி, "என்னமோ கருகுற வாடை வருது" என்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவளுக்கு வலிப்பு வருவதற்கு முன் அந்த வாடை வரும். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், அடிக்கிறவங்களே ஒண்ணு கொறைச்சிக்கிட்டாங்கன்னு நீங்கதான சொன்னிய?"

"ஆமா."

"எனக்கும் ஒண்ணைக் கொறைச்சிக்கிடுங்களேன்."

அவள் பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். வேறு சமயமாக இருந்தால் பாராட்டியிருப்பேன். "அது தண்டனைக் கணக்கு சுகிர்தா. இது பொருத்தனைக் கணக்கு. ரெண்டையும் கலக்கக்கூடாது" என்றேன். இன்றைக்குத் தேதி பதினெட்டு, உயிருக்கு உரிய எண், பயப்படாதே என்றும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவள் கண் என்னைவிட்டு ஒரு பக்கமாகப் போனது.

வழக்கமாக இரண்டு மூன்று நிமிஷத்தில் நின்றுவிடும். அன்று நின்றது, அவள் விழிக்கவில்லை. மறுபடி வந்தது. மத்தியானத்துக்குள் எத்தனை முறை என்று தெரியாது. அதை மட்டும் நான் எண்ணவில்லை. இரும்புக் கட்டிலில் தலை மோதாமல் இருக்க மடியில் வைத்துக்கொண்டேன். ரஜாயைச் சுருட்டி இரண்டு பக்கமும் அணைகொடுத்தேன். வாய் ஓரம் துடைத்தேன். செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன்.

மாடியில் ராஜம் மாமி வீட்டில் போன் இருக்கிறது. மாமியின் கணவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆள் தெரியும். வாசலில் எப்போதும் ஒரு ஆட்டோ நிற்கும். எல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. மூன்று மணிக்கு மாமியே கதவைத் தட்டினாள். ஒருக்களித்துத் திறந்தேன்.

"சுகிர்தா இல்லையாப்பா? கொத்தமல்லி கேட்டிருந்தா."

"தூங்குறா மாமி."

"பகல்ல தூங்கமாட்டாளே."

"தலைவலி."

"அச்சா. எழுந்ததும் மேல வரச்சொல்லு. சூடா ரசம் தரேன், குடிச்சா சரியாப் போயிடும்."

கொத்தமல்லியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். வேர் மண்ணோடு ஈரமாக இருந்தது. அதைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து மறுபடி அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன். டாக்டர் வந்தால் ஊசி போடுவார், ஊசியும் மருந்துதான். நாற்பது உடைந்துவிடும், அவள் பட்டதெல்லாம் வீணாகும். நாளைச் சாயங்காலம் வரை தாங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். அவளிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்து, எதிர் வீடுகளில் விளக்கு போட்டார்கள். மாத்திரை நேரம். அப்போது அவள் அமைதியானாள். தூங்குகிறாள் என்று நானே சிறிது நேரம் நம்பினேன்.

அப்புறம்தான் மாடிக்குப் போய்ப் போன் கேட்டேன். வந்த டாக்டர், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று கேட்டார். சாப்பிட்டாள் என்றேன். இந்த நோயில் சில சமயம் இப்படி ஆகும் என்றார். ஞானமுத்து அண்ணன் கல்லறைத் தோட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒருநாள்தான தம்பி பாக்கி" என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கும் அந்த ஒருநாள்தான் புரியவில்லை. சரியாகச் செய்தது ஏன் சரியாக முடியவில்லை என்று ஆபீசுக்குப் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன்.

விடை ஈஸ்டர் ஆராதனையில் கிடைத்தது. மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று குருவானவர் சொன்னார். சின்ன வயதிலிருந்து கேட்பதுதான். வெள்ளி மாலை அடக்கம், ஞாயிறு விடியலில் கல்லறை காலி. மணிக்கணக்கில் இரண்டு நாள்கூட ஆகாது. வேதம் அதை மூன்று என்கிறது. ஏனென்றால் அவர்கள் கணக்கில் ஒரு நாளின் துண்டும் முழு நாள். தொடங்கிய நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். நானே கூட்டத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் ஜனவரி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமைதான் முதல் நாள். பிப்ரவரி பதினெட்டு, வியாழக்கிழமை, நாற்பதாம் நாள். அவர்களுக்கு நாள் முடிவது சூரியன் மறையும்போது. அன்று எதிர் வீடுகளில் விளக்கு போட்டபோது நாற்பது முடிந்திருந்தது. கொஞ்சம் முன்பே அது தெரிந்திருந்தால் ஆட்டோவை வாசலில் தயாராக நிறுத்தியிருப்பேன். அவள் தன் பங்கை முழுதாகச் செய்திருந்தாள். நான்தான் வேதத்தின் நாளை ஆபீஸ் நாளாக எண்ணினேன். இது என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன்.

போன வாரம் வீராயி வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையில் மூக்கன் தேறிவருகிறான், ஆனால் இன்னும் ஒரு வருஷம் சாப்பிடவேண்டுமாம். வாந்தி எடுக்கிறான், வேலைக்குப் போகமுடியவில்லை. "எந்த நம்பருன்னு நீங்க அன்னிக்குச் சொல்லாமயே உட்டுட்டீங்க சாரு" என்றாள். சுகிர்தா விஷயத்தில் நடந்த தவறை அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். "கணக்கு தப்புன்னா சாமி என்னா பண்ணும்" என்றாள். படிக்காதவள், ஆனால் புரிந்துகொண்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடிசைக்குப் போய் ஜெபித்தேன். மூக்கன் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டான். முகத்தில் சதை வைத்திருக்கிறது. அவனுடைய மாத்திரை டப்பாவை வீராயி முந்தானையில் துடைத்து என்னிடம் கொடுத்தாள். இன்று காலை அதை என் இழுப்பறையில், சுகிர்தாவினுடையதற்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

குடிசைச் சுவரில் அடுப்புக்கரியால் நாளுக்கு ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன். ஜெபித்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இன்று ஆபீஸ் விட்டுப் போய்ப் பார்த்தபோது முதல் கோட்டை ஞாயிற்றுக்கிழமைக்கே போட்டிருந்தாள். இந்த முறை தவறு இல்லை.