காற்றைக் கழுவிய அகல்யா அம்மையாருக்கு

காவிரிக் கரையாம் பள்ளிபாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, பொறியியல் பயின்று, எங்கள் அச்சாலையின் காற்றுத் தூய்மைப் பிரிவைக் கட்டியெழுப்பிக் காத்துவந்த கண்ணியமே! கண்டிப்பின் உருவமே! காலையில் திட்டிவிட்டு மாலையில் கைநிறையச் சுண்டல் கொடுக்கும் கனிவே! பணி நிறைவு காணும் தங்களுக்கு எங்கள் அன்பு வணக்கம்.

நேருக்கு நேர் புகழ்ந்தால் தங்களுக்குப் பிடிக்காது. ஆகவே தங்களைப் பற்றி இந்த அவையோரிடம் பேசப்போகிறோம். சற்றே பொறுத்துக்கொண்டு அமர்ந்திருங்கள்.

அவையோரே! ஜவ்வரிசிக்கும் மிட்டாய்க்கும் பளபளவென்று பை அச்சடிக்கும் ஆலை எங்களுடையது. மையைக் கரைக்கத் தின்னர் போன்ற கரைப்பான்கள் வேண்டும். மை காயும்போது அவை ஆவியாகப் பறக்கும். ஒரு காலத்தில் அந்த ஆவி முழுவதும் புகைபோக்கி வழியே தெருவுக்குத்தான் போனது. நினைத்தால் இன்றும் மூக்கு எரிகிறது. ஆனாலும் நாங்கள் இளமையாக இருந்த நாட்கள் அல்லவா, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து பஸ் ஏறினால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். எங்கள் சின்னராஜ் அண்ணன் பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை பெயிண்ட் அடிக்கறவருங்களா?" என்று கேட்டே விட்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஆத்தாயி அம்மாள் ஒருநாள் தலைவலியோடு வாசலில் வந்து நின்றார். "ஒண்ணு வாடைய நிறுத்துங்க, இல்லீனா ஆலைய நிறுத்துங்க!" புகைபோக்கியை உயர்த்தினால் வாடை ஆற்றைத் தாண்டிப் போய்விடும் என்று நிர்வாகத்தில் யோசனை சொன்னார்கள். "அக்கரையில இருக்கறவங்களுக்கும் மூக்கு இருக்குதுங்களே" என்றார், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அகல்யா.

தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, எரித்துப் பதப்படுத்திய கரியைக் காங்கயம் பக்கமிருந்து வரவழைத்து, பெரிய இரும்புக் கலனில் நிரப்பி, ஆலையின் காற்றை விசிறியால் இழுத்து அதற்குள் செலுத்தினார். கரி கரைப்பானைப் பிடித்து வைத்துக்கொள்ள, சுத்தமான காற்று வெளியேறியது. கரிக்குள் நீராவி விட்டால் பிடிபட்ட கரைப்பானும் திரும்பக் கைக்கு வரும். தெரு அமைதியானது. ஆலை பிழைத்தது, அதனால் நாங்களும் பிழைத்தோம்.

பாராட்டு மடலில் குற்றம் குறை எழுதும் வழக்கமில்லை. ஆனாலும் நாங்கள் எழுதுகிறோம்; அவர் யாரென்று எங்களுக்குத் தெரிந்தது அவர் ஒருமுறை தவறியபோதுதான்.

அது ஓர் ஆயுத பூஜை நாள். மையை வடித்து, இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, அச்சு உருளைகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்ட நின்றோம். விசிறியின் இழுப்பில் கற்பூரம் எரிந்து நிற்கவே இல்லை. "சாமி கும்பிடற வரைக்கும் அத நிறுத்தச் சொல்லுங்க" என்று பொன்னாயி அக்கா கேட்க, அகல்யா தலையசைத்தார். பொரி கடலை வாங்கிய மகிழ்ச்சியில் விசிறியை மறுபடி ஓடவிட யாருக்கும் நினைவில்லை. அவருக்கும் இல்லை. கரைப்பானைச் சுமந்திருந்த கரி, காற்றோட்டமில்லாமல் உள்ளுக்குள்ளேயே சூடேறத் தொடங்கியது.

மறுநாள் விடுமுறை. காலையில் ஆத்தாயி அம்மாள் போன் செய்தார்: "ஏனுங்க, கரிஞ்ச வாடை அடிக்குதுங்க." பதறி ஓடிவந்த அகல்யா, கலனின் மேல் கைவைக்க முடியாததைக் கண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுக் கரியை மூழ்கடித்தார். தீ மூளவில்லை. ஆனால் கரி முழுவதும் பாழ்.

தீபாவளிப் பைகளுக்கு ஆர்டர் குவிந்திருந்த நேரம் அது. கலனை ஒதுக்கிவிட்டுப் புகைபோக்கியை நேராகத் திறந்தால் அச்சு ஓடும். முதலாளி தனசேகர் வாய்விட்டுக் கேட்டார். போனஸை நினைத்து நாங்கள் கண்ணால் கேட்டோம். வேலை போய்விடலாம் என்று தெரிந்தும் அகல்யா அசையவில்லை. "புதுக் கரி வந்தாத்தானுங்க மிஷின் ஓடும். விசிறிய நிறுத்தச் சொன்னது நானுங்க. தெருவுல நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்."

போனார். ஆத்தாயி அம்மாள் முன் நின்று நடந்ததை நடந்தபடியே சொன்னார். அந்த அம்மாள் திட்டினார், அப்படித் திட்டினார்! அகல்யா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. திட்டித் தொண்டை வறண்டபின் அந்த அம்மாளே உள்ளே போய் மோர் எடுத்துவந்து, அகல்யாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். எங்களுக்கு அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெரு புகார் சொல்ல வேறெங்கும் போனதில்லை. சந்தேகம் வந்தால் நேரே அகல்யாவிடம் வந்து கேட்டது, அவர் சொன்னதை நம்பியது.

சென்ற வாரம், இவர் ஓய்வு பெறுகிறார் என்று கேள்விப்பட்டு ஆத்தாயி அம்மாள் ஆலைக்கே வந்துவிட்டார். "நீங்க போனதுக்கப்பறம் வாடை வந்தா யாருகிட்டங்க சொல்றது?"

அகல்யா திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஆளுக்கொரு இயந்திரத்தைத் துடைக்கப் போய்விட்டோம்.

அம்மையீர்! நலமும் வளமும் நாளும் பெருக, தலைவலி என்பதே அறியாமல், நெஞ்சு நிறைய மூச்சிழுத்து நெடுங்காலம் வாழ்வீராக! ஆத்தாயி அம்மாள் கேட்டதற்கு அன்று சொல்லாத பதிலை இதோ எழுதித் தருகிறோம். கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டில் மாட்டுங்கள். நாங்கள் தவறினால் கழற்றி எடுத்துவந்து கேளுங்கள்.

எங்களிடம் சொல்லட்டும்.

இப்படிக்கு,
பொன்னாயி, சின்னராஜ்
மற்றும் அச்சாலைப் பணியாளர்கள் அனைவரும்,
பள்ளிபாளையம்.