மரத்துக்குள் இறங்கும்போது

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு இரவு, ஒன்பது மணி இருக்கும். மரவாடியைத் தாண்டி ஊருக்கு வெளியே போகும் சாலை. கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. நல்ல மழை. அந்தச் சாலையில் திறந்திருந்தது ஒரே ஒரு கடை... அதுவும் ஷட்டரைப் பாதி இறக்கி.

கடைக்காரர் நம் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். இன்ஜின் மெக்கானிக். வாயைத் திறக்க மாட்டார். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால், டீ சொல்லி, குடித்து, டம்ளர் காயும் வரை பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நண்பன் மரம் வெட்டுகிறவன். உங்களுக்குத்தான் தெரியுமே, அவன் வாய் ஓயாது. இன்று ஏன் அவன் இங்கே வரவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

மேசையில் மரம் அறுக்கும் மிஷின் ஒன்று. இரண்டு செத்த மிஷின்களைச் சேர்த்து அவர் உயிர் கொடுத்தது. பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றிலிருந்து. இன்னொன்றின் கீழ்க்கூடு, அதாவது இன்ஜினின் அடிப்பாகம், பழைய இரும்புக் கடையில் கிடைத்தது.

சாயங்காலம்தான் நண்பன் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்தான்.

“மாமா, சும்மா ஓடுறப்ப ராஜா மாதிரி ஓடுது. மரத்துல வெச்சா மூச்சு முட்டி நின்னுடுது. நாளைக்கு வெட்டப்போறது ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிற மரம். பாதி வெட்டுல நின்னுச்சுன்னா மரம் என் மேலதான் வரும்.”

அவர் மிஷினைத் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு ‘ம்’ சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க? அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்துதோ!”

“ம்” என்றார்.

படியிறங்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: “இரும்புக் கடைக்காரன் ஒரு கதை சொன்னான் மாமா. இந்தக் கூட்டை முன்னாடி வெச்சிருந்த ஆளு மரத்துக்கு அடியில மாட்டிக்கிட்டானாம். மிஷின் பக்கத்துலயே ஓடிக்கிட்டு இருந்துச்சாம். மிஷினும் அவன் மூச்சும் ஒண்ணாத்தான் நின்னுச்சாம்.”

அவர் வேலையில் இறங்கினார்.

ஏர் ஃபில்டர் புதிது. பெட்ரோல் தடையில்லாமல் வருகிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். சைலன்சரில் கரி இல்லை. பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். மரத்தில் வைத்ததும் அதே திணறல்.

மிச்சம் ஒன்றுதான். எங்கோ காற்றுக் கசிகிறது.

காற்று போகும் வாயையும் புகை வரும் வாயையும் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தார். சிறிய குழாய் வழியாக உள்ளே காற்றடித்தார். அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால் உண்டு.

முள் இறங்கியது.

சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் தடவினார். ஒரு குமிழிகூட வரவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்...

முள் தானாக ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. சின்னச் சின்னதாக, அவசரமாக... மேல்மூச்சு வாங்குகிறவனின் வயிற்றைப் போல.

தடதடவென்று ஷட்டர் முழுதாக இறங்கியது. காற்றாக இருக்கும். போய்த் தூக்கினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தூக்கினார். சுவரைத் தூக்குவது போல இருந்தது. மழைச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. பெட்ரோல் வாடை போய், பச்சை மரத்தின் வாடை. ஈர மண் வாடை. கடையில் இருந்ததோ சோதனைக்கு வைத்திருந்த காய்ந்த கட்டை ஒன்றுதான்.

முள்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தார். அப்படி நினைக்கத்தானே மனம் பார்க்கும். குழாயை முள்ளிலிருந்து பிடுங்கி, வாயில் வைத்து ஊதினார். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். அடைப்பா, கசிவா என்பதை உதடே சொல்லிவிடும்.

மூச்சு உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. நாலாபுறமும் அடைத்த, ஒரு கையளவுக் கூடு... இத்தனை மூச்சும் எங்கே போகிறது? வாயை எடுக்கப் பார்த்தார். குழாய் விடவில்லை. மார்பின் மேல் ஒரு பாரம் வந்து படுத்தது. உருண்டையாக, நீளமாக. சட்டைக்கு மேலே பட்டை உரசுவது போன்ற சொரசொரப்பு. கையால் தள்ளினார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

பிறகு அது விட்டது.

வெகுநேரம் தரையில் கிடந்தார். எழுந்து குழாயை முள்ளில் மாட்டிக் காற்றடித்தார். முள் கல்லைப் போல நின்றது. ஷட்டர் ஒரு விரலால் தூக்கியதுமே எழும்பியது. மிஷினைப் பூட்டி, காய்ந்த கட்டையில் வைத்தார். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. அவருக்குத்தான் மூச்சு இளைத்தது. புகை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நண்பன் வந்து எடுத்துப் போனான். மத்தியானம் ஃபோன்.

“மாமா, பாதி வெட்டு முடிஞ்சுது! சத்தத்த மட்டும் கேளுங்க!” ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். சத்தம் எழும்பியது. மிஷின் மரத்துக்குள் இறங்கியது.

இங்கே கடையில் அவருடைய மார்பிலிருந்து மூச்சு வெளியே போகத் தொடங்கியது. யாரோ இழுப்பது போல. பல்லைக் கடித்து அடக்கினார். அடக்கினதும்... ஃபோனில் மிஷின் சத்தம் தணிந்தது.

“ஐயோ மாமா, அடங்குது! மரம் முறியுது மாமா...”

கறகறவென்று நார் அறும் சத்தம்.

அவர் விட்டுவிட்டார். இருந்த மூச்சு அத்தனையையும். சத்தம் ஏறியது. ஏறி, நின்று, பெரிய மரம் தரையில் விழும் அதிர்வு.

“பொழச்சேன்! நின்னுடும்னே நெனச்சேன்... என்ன மாமா, பாராட்டினாக்கூடப் பேச மாட்டீங்களா? சரி, வையுங்க.”

அவரால் பேச முடியவில்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? என்றைக்குத்தான் பேசியிருக்கிறார்?

சாயங்காலம் குரல் வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாழ்நாளிலேயே அவர் அவ்வளவு பேசியது அன்றுதானாம். மிஷினை உடனே கொண்டுவரச் சொல் என்றார். அக்கா ஃபோன் போட்டாள். தம்பி தொழில் போன ஆத்திரத்தில் கத்திக்கொண்டிருந்தான்.

“லாரியில வெச்சிருந்தேன்க்கா... எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்.”

அன்றிலிருந்து மரம் அறுக்கும் சத்தம் எங்கே கேட்டாலும், அந்த மிஷின்தானா என்று பார்க்க நண்பன் ஓடுகிறான். இன்றும் அப்படித்தான் போயிருக்கிறான்.

நேற்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று மூச்சு இழுபடச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்கோ அந்த மிஷின் மரத்துக்குள் இறங்கிவிட்டது. அக்கா தட்டை நகர்த்திவிட்டு முதுகைத் தடவினாள். விடும், விடும் என்று காத்திருந்தோம். விடவில்லை.

பெரிய மரமாக இருக்க வேண்டும்.