போன அமாவாசைத் தலைகள்

"எல்லாம் வெறும் தலைங்கதானே, அழிச்சிடேன்டி."

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் அமாவாசை ஸ்பெஷல் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண் போலீசார். சொன்னவர் மூத்தவர். இளையவர் தன் சட்டையில் மாட்டியிருந்த கேமராவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"போன அமாவாசை கூட்டம் பூரா இதுலதான் இருக்குதுக்கா. ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல ஏத்தலாம்னா அதுவும் ஃபுல்லு."

"அதான் அழிக்கச் சொல்லிட்டாங்கல்ல?"

"அன்னிக்கு கூட்டத்துல ஒருத்தரு காணாம பூட்டாரே, அவரு பொண்டாட்டி நேத்தும் ஸ்டேஷனுக்கு வந்துச்சி. இதுல எங்கனா அவரு தல இருந்தா?"

"நீ பாத்தியா?"

"ராத்திரி பூரா ஓடுன வீடியோக்கா. உக்காந்து பாக்க ஆளு ஏது?"

"பாக்கவும் ஆளில்ல, வெக்கவும் எடமில்ல. இன்னாதான் பண்ணப் போற?"

"அழிக்க கை வரலக்கா."

மூத்தவர் திரும்பி அந்தக் கேமராவையே பார்த்தார்.

"அப்ப இன்னிக்கு இதுல எப்படிடி புடிப்ப?"

"புடிக்காது. சும்மாதான் மாட்டியிருக்கேன்."

பஸ் நின்றது. இளையவர் எழுந்தார். படியில் முண்டியடித்துக்கொண்டிருந்தவர்கள் கேமராவைப் பார்த்ததும் சட்டென்று ஒழுங்காக நின்று வழி விட்டார்கள்.