ஒரு நூல் இடைவெளி

சேரலையா? நெசமாவா சார்? ஐயோ, தலைய ஆட்டாதீங்க, கத்தி கழுத்துல இருக்கு. வாயாலயே சொல்லுங்க. ஆத்துக்கு இந்தப் பக்கம் கிரகண வளையம் கடைசி வரைக்கும் முழுசாச் சேரவே இல்லையா? ஓ, அந்தப் பக்கம் போயிருந்தா சேந்திருக்கும். சரி. சரிங்க சார். ஒரு நிமிஷம் இருங்க, கத்திய வச்சுடறேன். ஒண்ணுமில்ல, பிளேடு மாத்தணும்.

லாட்ஜ் மொட்டை மாடில பெரிய குழாய் வச்சு கிரகணம் பாத்தவர் நீங்கதான்னு டீக்கடைக்காரர் சொன்னார். அதான் நீங்க உக்காந்த உடனே கேட்டுட்டேன். வாங்கன்னு கூடச் சொல்லல பாருங்க. எல்லாரும் நெலா நெழல் விழற பாதைக்கு நடுவுல நின்னு பாக்கப் போவாங்க, நாங்க ஓரத்துல நின்னு பாக்க வந்தோம்ங்கறீங்க. உங்க வேலை அப்படி. போட்டோ இருக்கா? அப்புறமாப் பாக்குறேன் சார். லாட்ஜுக்குப் பின் தெருதான் நம்ம வீடு. உங்களுக்குத் தெரிஞ்சதுதான் அங்கயும் தெரிஞ்சிருக்கும், இல்ல? அது போதும்.

கன்னத்த இந்தப் பக்கம் திருப்புங்க. நல்லவேளை, ஷேவிங்கோட நிறுத்திக்கிட்டீங்க. முடி வெட்டியிருந்தா பின்னந்தலையக் காட்ட கைக்கண்ணாடி இல்ல. அதோ, அந்த ஆணிலதான் தொங்கும். இப்ப வீட்ல கெடக்கு. ஏன்னு கேக்குறீங்களா? கேக்கலன்னாலும் சொல்லுவேன். வீட்ல எனக்கு ரேடியோன்னு பேரு.

என் வீட்டுக்காரி தையல் வேலை பாத்தவ சார். தெருவுல பாதி சட்டை அவ தச்சதுதான். திடீர்னு ஒரு நாள் மிஷின்ல உக்காந்திருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. பக்கவாதம். ஒரு கை, ஒரு கால் போச்சு. பேச்சு மட்டும் தப்பிச்சுது. பேச்சு போயிருந்தா உங்க கூட எப்படிச் சண்டை போடுறதுன்னு அவளே சிரிப்பா. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, இதயமும் ரொம்ப பலவீனமா இருக்கு, மனச தேத்திக்கோங்கன்னார். நான் தேத்திக்கல. அதெல்லாம் எப்படி சார் முன்கூட்டியே தேத்திக்கறது?

அப்புறம் படுத்த படுக்கைதான். அவளுக்கு உலகம்னா அந்த சீலிங்தான். பேப்பர்ல கிரகணம்னு வந்ததுலேர்ந்து ஒரே நச்சரிப்பு. நெலா தூரத்துல இருக்காம்ங்க, அதனால சூரியன முழுசா மறைக்க முடியாதாம், சுத்தி மோதிரம் மாதிரி நிக்குமாம், என்னைத் தூக்கிட்டுப் போய்க் காட்டுங்கங்கறா. ஏதோ கடைத்தெருவுக்குக் கூப்பிடற மாதிரி! டிவில காட்டுவாங்க, பாத்துக்கலாம்னேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அவளால திருப்ப முடிஞ்சது அது ஒண்ணுதான், அதை வச்சே அன்னிக்குப் பூரா என்னைப் படுத்தி எடுத்துட்டா.

மறுநாள் அவளே வழி சொல்றா. மிஷின் பக்கத்துல ஒரு கண்ணாடிச் சில்லு வச்சிருப்பா, ஊசிக் காதுல வெளிச்சம் விழறதுக்காக. அதுல வெயில் பட்டா சீலிங்ல போய் விழும். சில்லு சதுரம், மேல விழறது மட்டும் வட்டம். ஏன் தெரியுமாங்கறா. எனக்கென்ன தெரியும்? அது கண்ணாடியோட உருவம் இல்லங்க, சூரியனோட உருவம்ங்கறா. கரெக்டா சார்? பாருங்களேன்! இத்தனை வருஷமா நூல் கோத்துக்கிட்டே இதைக் கவனிச்சு வச்சிருக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கேட்டா, ரேடியோ ஓடிக்கிட்டே இருந்தா நான் எப்பப் பேசறதுங்கறா.

ஆக, அன்னிக்குக் கடைக்கு லீவு விட்டுட்டு கைக்கண்ணாடிய எடுத்துட்டுப் போனேன். மேல காகிதம் ஒட்டி நடுவுல சின்னதா ஓட்டை. எல்லாம் அவ அளவுதான். ரூம்ல வெளிச்சமே வரக்கூடாதுன்னு ஜன்னலுக்குத் திரை போட்டு, ஒரு கை அகலம் மட்டும் விட்டு வச்சோம். நான் எதிர்வீட்டுச் சுவரோரமா நின்னுக்கிட்டு அந்த இடுக்கு வழியா வெளிச்சத்த உள்ள அனுப்பணும். எனக்கு வளையமும் தெரியாது, சீலிங்கும் தெரியாது, அவளும் தெரிய மாட்டா. அவ குரல் மட்டும்தான்.

அவ ரெண்டு சட்டம் போட்டா. முழுசா விலகுற வரைக்கும் காட்டணும், கை வலிக்குதுன்னு பாதில வச்சுட்டு வரக்கூடாது. அது ஒண்ணு. வளையம் சேர்ற நேரத்துல நான் பேச மாட்டேன், நீங்களும் வாயத் திறக்கக் கூடாது. இது ரெண்டாவது. சரிம்மான்னு சொல்லிட்டுப் போனேன்.

என்ன ஒரு குஷிங்கறீங்க! கொஞ்சம் மேல தூக்குங்க, இடது பக்கம், ஐயோ உங்க இடது இல்ல, என் இடதுன்னு உள்ளேர்ந்து அதிகாரம். நெலா கடிக்க ஆரம்பிச்சாச்சுங்கன்னா. சட்டைக்குக் கழுத்து வெட்டின மாதிரி இருக்குன்னா. அப்புறம் நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஆயிடுச்சுன்னா. தெருவுல நின்னவங்க எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க, நான் ஒருத்தன் ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்கறேன். வெளிச்சம் ஒரு மாதிரி ஆச்சு சார். இருட்டுன்னு சொல்ல முடியாது, வெயில் இருக்கு, ஆனா அதுல சத்து இல்ல. கீழ விழுந்த என் நெழல்ல முடி தனித்தனியாத் தெரிஞ்சது. லேசாக் குளிர் வேற. போர்வை போத்தி விடாம வந்துட்டமேன்னு நினைச்சேன்.

அப்பதான் உள்ளேர்ந்து, இன்னும் ஒரு நூல்தாங்க, ஒரு நூல் சேந்தா மோதிரம்னா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா எனக்குக் கேட்டுச்சு. உடனே தெருவுல எல்லாரும் கை தட்டுறாங்க, விசில் அடிக்கறாங்க. சேந்துருச்சு சேந்துருச்சுன்னு ஒரே சத்தம். எனக்கு வாய் துறுதுறுங்குது, பாத்தியாம்மான்னு கேக்கணும். கேக்கல. சட்டம் போட்டிருக்காளே. என் ஆயுசுல அன்னிக்கு ஒரு நாள்தான் சார் வாய மூடிக்கிட்டு நின்னேன்.

அப்புறமும் அவ பேசல. அழுவுறா போல, அழட்டும்னு விட்டுட்டேன். சூரியன் நகர நகர கண்ணாடியச் சாய்க்கணும். மேல தூக்குங்க, இடது பக்கம்னு சொல்ல ஆள் இல்ல, நானே திரை இடுக்கப் பாத்துப் பாத்துத் திருப்பினேன். கை தூக்கி நிக்கறது நமக்குப் பழகினதுதான், ஆனாலும் தோள் கழண்டு விழற மாதிரி ஆயிடுச்சு. வைக்கலயே. கடைசியா எதிர்வீட்டுக்காரர் வந்து, எல்லாம் முடிஞ்சு போச்சுப்பா, இன்னும் யாருக்குக் காட்டிக்கிட்டு இருக்கேன்னு கேட்டார். கண்ணாடியோடவே உள்ள போனேன். கண்ணு ரெண்டும் சீலிங்கப் பாத்த மேனிக்கே இருந்துச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு, போய் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்னார்.

ஆமா சார், கிரகணத்தன்னிக்கேதான். இன்னிக்குத்தான் மறுபடி கடையத் திறந்தேன்.

இருங்க சார், எந்திரிக்காதீங்க, மோவாய்ல இன்னும் பாக்கி இருக்கு. மன்னிப்பு எதுக்குக் கேக்குறீங்க? என்னது, சேந்திருந்தாலும் சேந்திருக்குமா? மாத்திச் சொல்லாதீங்க சார், உங்களக் கும்பிடுறேன். முன்னாடியே கதையச் சொல்லியிருந்தா நீங்களும் என் மூஞ்சியப் பாத்துட்டு இப்படித்தான் பேசுவீங்கன்னுதான் முதல் கேள்வியா அதைக் கேட்டேன்.

துக்கம் விசாரிக்க வந்தவங்க கிட்ட எல்லாம் கேட்டுட்டேன். அத்தனை பேரும் சேந்துச்சுப்பா, சூப்பரா சேந்துச்சு, மகராசி கண்குளிரப் பாத்துட்டுத்தான் போனாங்கறாங்க. ஆறுதலா சொல்றாங்களாம். எனக்கு நெஞ்சு வெடிக்குது சார். சேந்துச்சுன்னா அவ பாக்கலயே! ஒரு நூல் பாக்கின்னுதானே கடைசியாச் சொன்னா? இவ்வளவு ஆசைப்பட்டவ ஒரு நூல்ல விட்டுட்டாளேன்னு சோறு இறங்கல, தூக்கம் இல்ல.

பெரிய குழாய்ல பாத்த நீங்க ஒருத்தர்தான் சேரலன்னு சொன்னீங்க. அப்ப அந்த ஒரு நூல் கடைசி வரைக்கும் அப்படியேதானே இருந்திருக்கும்? அதுக்கு மேல இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அவ எல்லாத்தையும் பாத்துட்டா. அப்படித்தானே சார்?

இந்தாங்க, கத்திய எடுத்துட்டேன். இப்பத் தலைய ஆட்டலாம்.